வெள்ளைப் பக்கத்தில் ஆறு கட்டங்கள்

ஒரு மூச்சின் விலை பதினோரு காசு. வாய்க்கு வந்த விலையல்ல இது. மூச்சுத் துணை ஆணையம் ஓர் இயந்திரத்தின் விலையை எடுத்து, அதன் ஆயுளால் வகுத்து, ஆயுளை மூச்சுகளாக உடைத்து, மின்சாரத்தைக் கூட்டி, வந்த விடையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தது. அடியில் சின்ன எழுத்தில் "வசதியற்றோருக்கு இலவசம்" என்றும் இருந்தது. இவ்வளவு மலிவான சரக்கை இனாமாக வேறு தருகிறேன் என்று ஒருவன் முன்வந்தால், வாங்குவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பதுதான் வியாபார புத்தி. பூட்டுக்காரருக்கு அந்தப் புத்தி உண்டு. ஆனால் வீட்டில் மனைவிக்கு மூச்சு இல்லை.

பூட்டுக்காரர் சந்தைத் தெருவில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, இரண்டு முழ அகலத்தில் முப்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பூட்டைக் கையில் கொடுத்தால், உள்ளே கம்பியை விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பூட்டுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மனைவி இருபத்திரண்டு வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். ஆலை அவளை அனுப்பிவிட்டது. பஞ்சை மட்டும் அவள் நெஞ்சிலேயே விட்டுவிட்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறாள். ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையில் சொல்கிறாள். மூலையில் வாடகை சிலிண்டர் ஒன்று, அழையாமல் வந்த விருந்தாளி மாதிரி நிற்கிறது.

"சிலிண்டரை வெச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. காத்துலேர்ந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கற மெஷின் வீட்டுலயே வேணும். ஆணையத்துல எழுதிப் போடுங்க, சீக்கிரம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எழுதிப் போட முடியாது. ஆணையம் காகிதத்தை ஒழித்து இரண்டு வருடமாகிறது. எல்லாம் வெப்சைட்டில்தான். பூட்டுக்காரர் தம் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். வெள்ளையாக இருந்தது. வெயிலின் கோளாறு என்று நிழலுக்குப் போனார். நிழலிலும் வெள்ளை. சட்டை நுனியால் துடைத்தார். வெள்ளை இன்னும் பளிச்சென்று ஆனதுதான் கண்ட பலன்.

சாயங்காலம் மனைவியின் தம்பி வந்தான். கையில் ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய போன். வாய் அதைவிடப் பெரிது.

"என்ன மாமா, இதை இன்னும் வெச்சிருக்கீங்களா? கண்காட்சிக்குக் குடுத்தா டிக்கெட் போட்டுக் காட்டுவான். நகருங்க."

அவன் போனில் பக்கம் திறந்தது. திறந்தது என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. முதலில் திரை முழுவதும் விடியற்காலை மாதிரி ஒரு நிறம் பரவியது. பிறகு ஒரு மேகம் வந்து, யோசித்து, விலகிப் போனது. அதன் பின்னாலிருந்து வட்ட மூலைகள் கொண்ட கட்டங்கள் ஒவ்வொன்றாக, மேடையேறும் மணப்பெண் மாதிரி தலை குனிந்து மேலே வந்தன. மூவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மனைவி பார்த்ததில் ஒரு மூச்சைத் தவறவிட்டு இருமினாள். கட்டங்கள் வந்து நின்றதும், அவற்றின் மேல் ஓர் எழுத்து ஓடியது: "தங்களிடம் ஐந்தாண்டுக்கு உட்பட்ட போன் இருப்பதால் தாங்கள் வசதியுள்ளவர். இத்திட்டம் தங்களுக்கு இல்லை. வாழ்த்துகள்." தொடர்ந்து வண்ணக் காகிதத் துணுக்குகள் பொழிந்தன.

"என்னடா சொல்லுது?" என்றாள் அக்கா.

"நான் வசதியானவன்னு சொல்லுதுக்கா."

"போன மாசம் வாங்கின… கைமாத்தைக் குடுத்துட்டு வசதியா இரு."

மறுநாள் பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு ஆணையத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, தம் கணினியை இவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அதுவும் வெள்ளை.

"எங்களுதும் பழைய சிஸ்டம்தான் சார். பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆனா பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு."

"சார், இதுல ஒண்ணுமே இல்லையே?"

"அப்படிச் சொல்லக் கூடாது. வெண்வெளின்னு பேரு. டிசைன்ல அதுதான் உசத்தியாம். இயக்குநர் ஒரு நாள் பூரா வகுப்பு எடுத்தாரு."

"விண்ணப்பம் எப்படிப் போடறது?"

"அதெல்லாம் போட்டாங்கன்னா நாங்க உடனே பார்த்துடுவோம் சார். அதோ பாருங்க போர்டு."

சுவரில் விளக்கெரியும் பலகை: நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள், பூஜ்யம். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பூஜ்யம் ஒரு தடவைகூட அசைந்ததில்லை என்று கவுன்ட்டர்காரர் பெருமையாகச் சொன்னார். மற்ற துறைகளிலிருந்து அதிகாரிகள் வேன் பிடித்து வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். இரண்டு கேடயங்கள் கிடைத்திருக்கின்றன.

பூட்டுக்காரர் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். புது போன் இருந்தால் படிவம் தெரியும், ஆனால் தகுதி இல்லை. பழைய போன் இருந்தால் தகுதி உண்டு, ஆனால் படிவம் தெரியாது. சந்தையில் முப்பது வருடம் உட்கார்ந்து எத்தனையோ எத்தர்களைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு துப்புரவான வேலையை அவர் பார்த்ததில்லை.

"இந்தப் பக்கத்தைச் செஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"மாடிப்படிக்கு அடியில ஒரு ரூம். பக்கக்காரின்னு கேளுங்க."

மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையில், ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மேசையில் கணினி, பக்கத்தில் உடைந்த குடைகள், கிழிந்த பேனர்கள், போன வருடத்துக் கேடயம். பூட்டுக்காரர் போனைக் காட்டியதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உட்காருங்கண்ணா. இந்தப் பக்கத்தை நான் முதல்ல கட்டினப்போ வெறும் எலும்பும் சதையும்தான். ஆறு கட்டம், ஒரு பட்டன். எந்தப் போன்ல திறந்தாலும் தெரியும், எழுதலாம், அனுப்பலாம். அதுக்கப்புறம்தான் உடுப்பு. நிறம், எழுத்தோட அழகு, அசைவு இதெல்லாம் சிஎஸ்எஸ்னு ஒண்ணுல எழுதுவோம். புது போனுக்கு அது புரியும், அழகாக் காட்டும். பழைய போனுக்குப் புரியாத வரியை அதுபாட்டுக்கு விட்டுடும். உடுப்பு இல்லைன்னாலும் ஆள் இருப்பான் இல்லையா? அப்படித்தான் செய்யணும்."

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"அழகுப் பிரிவு வந்துச்சு. கட்டமெல்லாம் திடீர்னு நின்னா மரியாதையா இல்லையாம், மெதுவா தோணணுமாம். அதனால முதல் வரியில எல்லாத்தையும் மறைச்சிட்டாங்க. அடுத்த வரியில மெதுவா காட்டச் சொல்லியிருக்காங்க. மறைக்கற வரி பழசு, எல்லாப் போனுக்கும் புரியும். காட்டற வரி புதுசு. உங்க போன் மறைச்சிடுது. காட்டத் தெரியல, அவ்வளவுதான்."

"அந்த முதல் வரியை எடுத்துட்டா?"

"எடுத்துடலாம். ஒரு வினாடி. மூணு தடவை எழுதிக் கேட்டேன். அந்த அசைவுக்கு 'அறிமுக எழுச்சி'ன்னு பேர் வெச்சு, பெரிய ஆளைக் கூப்பிட்டுத் திறந்து வெச்சிருக்காங்கண்ணா. திறந்து வெச்சதை நீக்கணும்னா மூணு கமிட்டி உட்காரணும். முதல் கமிட்டிக்கு இன்னும் ஆளே போடல."

பூட்டுக்காரர் போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பூட்டைப் பார்க்கிற பார்வை.

"அப்போ அந்தக் கட்டம் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"இருக்கு. தெரியாது, அவ்வளவுதான்."

"தொட்டா?"

பக்கக்காரி ஒரு காகிதத்தை எடுத்து, அவர் போனை அதன் மேல் வைத்து ஓரம் வரைந்து, உள்ளே கட்டங்களைக் குறிக்க ஆரம்பித்தாள். மேல் விளிம்பிலிருந்து ஒரு கட்டைவிரல் கீழே, பெயர். அதிலிருந்து அரை விரல், முகவரி. அடுத்து வயது, நோய், டாக்டர் சீட்டு எண். ஆறாவது, இடது ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம்.

"இதைத் தட்டினாப் போதும். ஏதோ உறுதிமொழி. அதை அழகுப் பிரிவுதான் எழுதுச்சு. அப்புறம் கீழ, நடுவுல, பட்டன்."

வீட்டுக்கு வந்து, மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். முதல் தொடலில் ஒன்றுமில்லை. ஒரு மயிரிழை கீழே இறக்கினார். விசைப்பலகை மேலெழுந்து வந்தது. கட்டம் சிக்கிவிட்டது. பெயரை அடித்தார். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பாலில் சர்க்கரை போடுகிற மாதிரி எழுத்துகளைப் போட்டுக்கொண்டே போனார். ஐந்து முடிந்து, ஆறைத் தட்டி, பட்டனை அழுத்தினார்.

போன் நடுங்கியது. ஒரு குறுஞ்செய்தி: "பெறப்பட்டது. விண்ணப்ப எண் 1."

"வந்துடுச்சா?" என்றாள் மனைவி.

"நாமதான் முதல் ஆள்."

அவள் சிரித்தாள். சிரிப்புக்குச் செலவாகிற காற்றைக் கணக்குப் பார்க்காமல் சிரித்தாள். பிறகு கால் மணி நேரம் சிலிண்டர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதே நேரத்தில் ஆணையத்தின் பலகையில் பூஜ்யம் ஒன்றாகியது. கவுன்ட்டர்காரர் முதலில் விளக்கு கெட்டுப்போனதாக நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். எலக்ட்ரீஷியன் பலகை சரியாகத்தான் இருக்கிறது என்றதும் உண்மையிலேயே பயம் வந்தது. அடுத்த வாரம் பார்வையிட வர இருந்த வேனை வர வேண்டாமென்று சொன்னார்கள். அழகுப் பிரிவு ஒன்று என்ற எண்ணுக்கு ஆறுதலான நிறம் எது என்று ஆராய்ந்து, இளநீலத்தைப் பரிந்துரைத்தது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாமே என்ற யோசனை யாருக்கும் தோன்றவில்லை, பழக்கமில்லை.

ஒன்பதாம் நாள் பூட்டுக்காரருக்கு அழைப்பு வந்தது. விசாரணைக் குழு.

நீளமான மேசை. ஏழு பேர். நடுவில் இயக்குநர், நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே தோன்றுகிற முகம். அவருக்குப் பின்னால் ஒரு சுவரளவு திரை. அதில் மட்டும் விடியலும் மேகமும் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தன. பக்கக்காரியைக் கதவோரத்தில் நிற்க வைத்திருந்தார்கள்.

"பெரியவரே, உக்காருங்க" என்றார் இயக்குநர். "உங்க மேல எங்களுக்குக் கோபமே இல்லை. உங்க வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க?"

"மெஷினுக்குத்தான் சார் காத்துக்கிட்டு இருக்கா."

"நல்லது. ஒரே ஒரு சந்தேகம். ஆறாவது கட்டத்துல உறுதிமொழி குடுத்திருக்கீங்க. 'மேற்கண்ட அனைத்தையும் என் கண்ணால் கண்டேன்.' கண்டீங்களா?"

"இல்லைங்க. தெரியவே இல்லையே."

மேசை முழுவதும் பேனாக்கள் எழுதின.

"தெரியாத படிவம்னா இல்லாத படிவம்" என்றார் இயக்குநரின் வலதுபக்கத்தவர். "இல்லாத படிவத்தை நிரப்பினவரை நாம எப்படி எடுத்துக்கறது?"

பூட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார். "சார், என் போன் பழசு. பழசு வெச்சிருக்கறவனுக்குத்தான் மெஷின்னு நீங்களே சொல்றீங்க. அந்தப் பழசுல தெரியற மாதிரி வெச்சா போதும்."

இயக்குநர் முன்னால் சாய்ந்தார். இந்த இடத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தவர் போல, குரலில் பரிவு கூடியது.

"இங்கதான் பொதுமக்கள் நம்மளைப் புரிஞ்சுக்கறதில்லை. இந்தப் பக்கத்துக்காக எட்டு மாசம் நான் தூங்கல. முன்னாடி மூலையெல்லாம் கூர்மையா இருக்கும். இப்போ வட்டம். இன்னிக்கு வரைக்கும் ஒரு நோயாளிகூட மூலையில இடிச்சுக்கிட்டதா புகார் கிடையாது. நிறத்துக்கு மட்டும் பதினேழு கூட்டம் போட்டோம். ஏழைன்னா அவனுக்கு மட்டமா குடுக்கணுமா? ஏழைக்கும் விடியல் வேணும். மேகம் வேணும். எலும்பும் சதையுமா ஒரு படிவத்தை அவன் முன்னாடி நீட்டறது அவமரியாதை. அதுக்கு ஒண்ணுமே காட்டாம இருக்கறது எவ்வளவோ மேல்."

குழு மெல்லத் தலையாட்டியது.

கதவோரத்திலிருந்து பக்கக்காரி பேசினாள். "சார், முதல்ல எல்லாருக்கும் வேலை செய்யணும். அப்புறம் முடிஞ்சவங்களுக்கு அழகு. படிப்படியான மேம்பாடுன்னு உங்க கொள்கை அறிக்கையிலேயே போட்டிருக்கு."

"ரொம்பச் சரிம்மா. அதைத்தான் செய்யறோம். முதல் படி, எல்லாருக்கும் அழகு. அப்புறம் முடிஞ்சவங்களுக்கு வேலை செய்யும். படிப்படியா."

அதற்கு மேல் பேசுவதற்கு அவளுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை.

"சரி, நாங்க கொடுமைக்காரங்க இல்லை" என்றார் இயக்குநர். "பார்க்காம நிரப்ப முடியும்னு நீங்க சொல்றீங்க. எங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க. காட்டிட்டா மோசடி இல்லைன்னு எழுதிடறேன்."

பூட்டுக்காரரின் போனை ஒரு கேமராவுக்கு அடியில் வைத்தார்கள். சுவரளவு திரையில் விடியல் போய், அவருடைய வெள்ளை வந்தது. ஏழு பேரும் அந்த வெள்ளையைக் கூர்ந்து பார்த்தார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பெயர். முகவரி. வயது. நோய் என்ற இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்று பிறகு எழுதியது. சீட்டு எண். சின்னச் சதுரம். யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள்.

"அண்ணா, பட்டனை அழுத்தாதீங்க!"

பக்கக்காரி கதவோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். "அழுத்தினா இன்னொரு விண்ணப்பமா பதிஞ்சிடும். ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். ரெண்டு இருந்தா ரெண்டையும் எடுத்துடும். கம்ப்யூட்டரே பார்த்து எடுக்கறது, யாரையும் கேக்கவே கேக்காது."

பூட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். கட்டைவிரல் பட்டனுக்கு மேல், அரிசி அளவு உயரத்தில் நின்றது.

"சார், இதோட நிறுத்திக்கறேன். ஆறு கட்டமும் பார்த்துட்டீங்க இல்லையா?"

"பாதியில நிறுத்தினா எப்படிப் பெரியவரே?" இயக்குநருக்கு உண்மையாகவே வருத்தம். "முழுசா செஞ்சாத்தான் செஞ்ச மாதிரி. இல்லேன்னா மோசடின்னு எழுத வேண்டியிருக்கும். மோசடின்னா ஆயுசு பூரா தடை. என் கையில ஒண்ணும் இல்லை."

"அழுத்தினா?"

"மோசடி இல்லைன்னு எழுதுவேன். அது என் வாக்கு."

"அந்த ரெண்டாவதை மட்டும் நீங்க எடுத்துட்டு, முதலாவதை வெச்சுக்க முடியாதா சார்?"

"எடுக்கறதுக்கு ஒரு பக்கம் இருக்கு. எங்க சிஸ்டத்துல அது" என்று இயக்குநர் சற்றுத் தயங்கி, "ரொம்பச் சுத்தமா இருக்கும்" என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ பேரங்களை முறித்துக்கொண்டு எழுந்து போனவர் பூட்டுக்காரர். நாலடி நடந்தால் கடைக்காரன் கூப்பிடுவான் என்பது சந்தையின் அரிச்சுவடி. இங்கே நடந்தால் யாரும் கூப்பிடப் போவதில்லை. இவர்களிடம் விற்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. ஆயுசு முழுக்கத் தடை என்பதையும் இன்னொரு தடவை முயலலாம் என்பதையும் தராசில் வைத்துப் பார்த்தார். அழுத்தினார்.

போன் நடுங்கியது. எண் 2. உடனே இன்னொரு நடுக்கம்: "இரட்டைப் பதிவு. 1, 2 இரண்டும் நீக்கப்பட்டன." கூடத்துக்கு வெளியே பலகையில் எண் ஒன்றிலிருந்து இரண்டாகி, இரண்டிலிருந்து பூஜ்யமாயிற்று. அங்கிருந்து கவுன்ட்டர்காரரின் குரல் கேட்டது. மகிழ்ச்சியான குரல். ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநர் பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, சொன்ன சொல் தவறாமல் "மோசடி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு பக்கக்காரி பக்கம் திரும்பினார். "பாதுகாப்பு ரொம்பத் தளர்வா இருக்கும்மா. தெரியாத கட்டத்தைத் தொடக்கூட முடியாத மாதிரி ஒரு வரி சேர்த்துடுங்க. இன்னிக்கே."

மாடிப்படியில் அவள் பூட்டுக்காரருக்காகக் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சேர்த்துட்டேன்ணா. ஒரு வரிதான். விரல் வெச்சா கண்ணாடி மேல வெச்ச மாதிரி இருக்கும். எடுக்கறதுக்குத்தான் மூணு கமிட்டி. சேர்க்கறதுக்கு அவர் ஒரு கையெழுத்து போதும்." "ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கணும். வீட்டுல ரெண்டு பசங்க."

"உன்னை யாரும்மா என்ன சொன்னா?" என்றார் பூட்டுக்காரர். சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கவுன்ட்டரில் ஒரு சீட்டு அச்சாகி வந்தது. வட்ட மூலைகள், மங்கலான விடியல். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். மச்சான் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்து, வாயில் தயாராக வைத்திருந்த கிண்டலை விழுங்கிவிட்டு வெளியே போனான்.

"என்னங்க… சொன்னாங்க?"

"மோசடி இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"நல்லவங்கதான். அந்தச் சீட்டு… என்னது?"

அவர் படித்தார். "வந்தவை, ரெண்டு. நீக்கினவை, ரெண்டு. நிலுவை, பூஜ்யம். மறு விண்ணப்பம், முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுக்குப் பிறகு."

அவரே சேர்த்துக்கொண்டார்: "ஒரு வருஷம்தானே? போட்டுடலாம். அதுக்குள்ள அந்த வரியை எடுத்துடுவாங்க. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி."

அவள் கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள். ஆலையில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் நூல்கண்டுக் கணக்கு எழுதியவள். பென்சில் எப்போதும் நாற்காலி இடுக்கில் இருக்கும். அதை எடுத்துச் சீட்டின் பின்பக்கம் மெதுவாக எழுதினாள்.

"டாக்டர்… என்கிட்ட தனியா ஒண்ணு சொன்னாரு. மெஷின் இல்லாம எத்தனை நாள்னு. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்போ."

அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். கணக்கு எழுதுகிறவளின் நேரான கையெழுத்து.

வேண்டியது 365.
இருப்பது 90.
பாக்கி 275.